கருங்கரடி ஏன் வீடு தேடி வருகிறது? வந்தால் என்ன செய்ய வேண்டும்?

2022 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சவுத் லேக் டாஹோ ஊரிலிருந்து ஒரு செய்தி உலகமெங்கும் ஓடியது. ஏறக்குறைய 225 கிலோ எடையுள்ள கரடி ஒன்று வீடு வீடாகப் புகுந்து சமையலறையைக் காலி செய்கிறது என்றார்கள். 'ஹேங்க் தி டேங்க்' என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. சில நாட்களிலேயே மரபணுச் சோதனை முடிவு வந்தது. அது ஒரே கரடியின் வேலை இல்லை, குறைந்தது மூன்று கரடிகள் புகுந்திருக்கின்றன. 2023 ஆகஸ்டில் அவற்றில் முக்கியமானது பிடிபட்டபோது இன்னொன்றும் தெரிந்தது: அது மூன்று குட்டிகளோடு திரிந்த தாய்க்கரடி. குறைந்தது 21 வீடுகளில் புகுந்தது அதுதான் என்பதற்கு மரபணுச் சான்று இருந்தது. தாயைக் கொலராடோவில் உள்ள காப்பகத்துக்கு அனுப்ப முடிவானது. குட்டிகளுக்குக் கலிபோர்னியாவிலேயே ஒரு மறுவாழ்வு மையம். காட்டுக் கரடியாக அந்தத் தாயின் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

இலையுதிர்காலம் வந்துவிட்டால் நியூஜெர்சி, கொலராடோ, பிரிட்டிஷ் கொலம்பியா என எல்லாப் பக்கமிருந்தும் இதே மாதிரி வீடியோக்கள் வருகின்றன. பார்ப்பவர்கள் மூன்று கேள்வி கேட்கிறார்கள். கரடிகள் பெருகிவிட்டனவா? மூர்க்கமாகிவிட்டனவா? பிடித்துக் காட்டில் விட்டுவிட்டால் என்ன? மூன்றுக்கும் விடை கரடியின் வயிற்றில் இருக்கிறது.

எந்தக் கரடி இது

இங்கே பேசுவது அமெரிக்கக் கருங்கரடியைப் பற்றி. கனடா, அமெரிக்கா, வடக்கு மெக்சிகோ காடுகளில் வாழ்வது. மொத்த எண்ணிக்கை 9 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. உலகில் மற்ற ஏழு கரடி இனங்களையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. 

பெயரில் கருமை இருந்தாலும் பழுப்பு, செம்பழுப்பு, வைக்கோல் நிறங்களிலும் கருங்கரடிகள் உண்டு. ஆகவே கிரிஸ்லி எனப்படும் பெரிய பழுப்புக் கரடியிலிருந்து இதைப் பிரித்தறிய நிறத்தை நம்பக் கூடாது. கிரிஸ்லிக்குத் தோள்மேல் திமில் போன்ற மேடு இருக்கும், முகம் குழிந்திருக்கும், முன்கால் நகங்கள் நீளமாக இருக்கும். கருங்கரடிக்குத் திமில் கிடையாது. நெற்றியிலிருந்து மூக்கு வரை ஏறக்குறைய நேர்கோடு, காதுகள் நிமிர்ந்து நிற்கும். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது தாக்குதல் பற்றிப் பேசும்போது புரியும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது, மரம் ஏறுவதில் தேர்ந்தது. ஓடியோ மரமேறியோ தப்பிக்கலாம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

ஆண்டு முழுதும் நடக்கும் கலோரிக் கணக்கு

கருங்கரடி குளிர்காலத்தில் குகைக்குள் மாதக்கணக்கில் உண்ணாமல், நீர் அருந்தாமல், சிறுநீர் மலம் கழிக்காமல் கிடக்கிறது. உடலில் சேர்த்த கொழுப்பு மட்டுமே அதற்கு ஆதாரம். அந்தக் கொழுப்பைச் சேர்க்கும் இலையுதிர்காலப் பெரும்பசிக்கு 'ஹைப்பர்ஃபேஜியா' என்று பெயர். அந்த வாரங்களில் கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னும். நமக்கு 2,000 போதும்.

பெண் கரடிக்கு இதில் இன்னொரு கட்டாயமும் உண்டு. கோடைத் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டுவதில்லை, இலையுதிர்கால முடிவு வரை மிதந்தபடியே காத்திருக்கும். அதற்குள் போதிய கொழுப்பு சேராவிட்டால் கரு ஒட்டாமலே போய்விடும். சேர்ந்தால்தான் ஜனவரி, பிப்ரவரியில் குகைக்குள் குட்டி பிறக்கும். அதாவது செப்டம்பரில் கிடைக்கும் தீனிதான் அடுத்த தலைமுறையைத் தீர்மானிக்கிறது.

இப்போது ஒரு கொல்லைப்புறத்தைப் பார்ப்போம். பறவைகளுக்காகத் தொங்கவிட்ட தீனிப்பெட்டியில் தோல் நீக்கிய சூரியகாந்தி விதை ஒரு கிலோ இருக்கிறது. அதில் ஏறக்குறைய 5,800 கலோரி. அதே அளவைக் காட்டில் புளூபெர்ரியிலிருந்து பெற வேண்டுமானால் 10 கிலோ பழம் வேண்டும். ஒரு காட்டுப்பழம் அரை கிராம் என்று கொண்டால் 20,000 பழங்களை உதட்டால் உருவித் தின்ன வேண்டும். தீனிப்பெட்டிக்கு ஐந்து நிமிடம் போதும். கரடி எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் மூர்க்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வசந்தத்தில் உறைபனி தாமதமாக விழுந்தாலோ மழை பொய்த்தாலோ ஓக் கொட்டையும் பெர்ரியும் காய்க்காது. அந்த ஆண்டுகளில் ஊருக்குள் கரடி நடமாட்டம் திடீரென்று ஏறும். மறு ஆண்டு நன்றாகக் காய்த்தால் இறங்கும். ஊரில் பத்துக் கரடி தென்பட்டதால் மட்டும் காட்டில் கரடி பெருகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

இந்த விவகாரத்தில் அடிக்கடி குழப்பப்படும் இரண்டு சொற்கள் உள்ளன.

1. மனிதருக்குப் பழகுதல்: ஆட்களைப் பலமுறை பார்த்தும் தீங்கு நேராததால் கரடியின் அச்சம் குறைவது. சாலையோரம் நின்று படம் எடுக்கும் கூட்டம் இதை உண்டாக்குகிறது.
2. மனித உணவுக்குப் பழகுதல்: வீடு, கார், கூடாரம் என்றால் தீனி என்று கரடி கற்றுக்கொள்வது. இதுதான் பெரும் ஆபத்து. தாய் கற்றதைப் பின்னால் வரும் குட்டிகளும் கற்கின்றன. டாஹோவில் நடந்தது இதுவே.

பிடித்துக் காட்டில் விட்டால் ஏன் தீர்வதில்லை

இரக்கத்தோடு சொல்லப்படும் யோசனை இது. நடைமுறையில் பெரும்பாலும் பலிப்பதில்லை.

1. வளர்ந்த கரடிக்கு வழி தெரியும். 100 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்ட கரடிகள்கூடத் திரும்பி வந்திருக்கின்றன. வரும் வழியில் நெடுஞ்சாலைகளில் அடிபட்டுச் சாவதும் உண்டு.
2. புதிய இடத்தில் ஏற்கெனவே கரடிகள் இருக்கும். நல்ல தீனி இருக்கும் பகுதிகள் அவற்றின் வசம். வந்தது பட்டினி கிடக்கும், அல்லது அருகில் இருக்கும் ஊரைத் தேடும். குப்பைத் தொட்டி எங்கே இருந்தாலும் அதற்குத் தெரியும்.
3. பழைய ஊரில் குப்பை அப்படியே இருக்கும். காலியான இடத்துக்கு அடுத்த கரடி வரும்.

குப்பையைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதைக் கொலராடோவின் துராங்கோ நகரில் சோதித்தே பார்த்தார்கள். மாநில வனவிலங்குத் துறை ஆய்வாளர்கள் 1,110 கரடி புகாத குப்பைத் தொட்டிகளைச் சில பகுதிகளுக்கு மட்டும் கொடுத்து, கொடுக்காத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். தொட்டி கொடுத்த பகுதிகளில் குப்பை சார்ந்த மோதல்கள் 60 சதவீதம் குறைவாக இருந்தன. கரடிகளை இடம் மாற்றியதால் அல்ல, குப்பையைப் பூட்டியதால் கிடைத்த பலன் இது. கொலராடோவில் நடந்த வேறொரு ஆய்வு, மனித உணவை அதிகம் தின்ற பெண் கரடிகள் குறைந்த நாட்களே குளிர்கால உறக்கம் கொள்கின்றன என்றும், அவற்றின் உயிரணுக்கள் விரைவாக மூப்படைகின்றன என்றும் 2019இல் காட்டியது. நம் குப்பை கரடிக்கும் நல்லதில்லை.

வீட்டைச் சுற்றிச் செய்ய வேண்டியவை

1. குப்பை. வண்டி வரும் நாள் காலையில்தான் வெளியே வைக்க வேண்டும். முந்தைய இரவு வைத்தால், கரடி நடமாடும் நேரம் முழுவதும் தீனி தெருவில் நிற்கும். மீன், கோழி, இறைச்சிக் கழிவுகளைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, அன்று காலை எடுத்துப் போடுங்கள்.

   கரடி புகாத தொட்டி வாங்குவதானால் ஐ.ஜி.பி.சி. (கிரிஸ்லி கரடிகளுக்கான அமெரிக்க அரசுத் துறைகளின் கூட்டுக்குழு) சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சான்றுக்கான சோதனை மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள மையத்தில் நடக்கிறது. உள்ளே தீனியை வைத்து, கூண்டில் வளரும் கரடிகளிடம் தொட்டியைக் கொடுத்துவிடுவார்கள். 60 நிமிடம் கடித்து, குதித்து, உருட்டியும் உடையாவிட்டால் தேறியது. இத்தனை உறுதியான தொட்டியும் தோற்பது ஒரே இடத்தில்தான்: பை பிதுங்கும்படி நிரப்பி, மூடியின் தாழ்ப்பாள் விழாமலே விட்டுவிடுவது. 'கிளிக்' என்ற ஓசை கேட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

   வாடை போகத் தொட்டியை அம்மோனியாவாலோ பிளீச்சாலோ கழுவலாம். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

2. பறவைத் தீனிப்பெட்டி. கரடி விழித்திருக்கும் மாதங்களில், பொதுவாக ஏப்ரல் முதல் நவம்பர் முடிய, கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். தெற்கு மாநிலங்களில் சில கரடிகள் குளிர்காலத்திலும் உறங்குவதில்லை என்பதால் அங்கே ஆண்டு முழுதும் கவனம் தேவை. உயரத்தில் கட்டினாலும் சிந்தும் விதைகள் தரையில் சேரும். பறவைகள் வர வேண்டுமென்றால் தண்ணீர்த் தட்டு வையுங்கள்.

3. கிரில் அடுப்பு. சமைத்த பின் கம்பிகளை உயர் தீயில் 15 நிமிடம் எரியவிட்டுத் துடைப்பது பலர் செய்வதுதான். அடியில் கொழுப்பு வடியும் தட்டை மறந்துவிடுகிறார்கள். கரடி தேடி வருவது அந்தத் தட்டைத்தான்.

4. பழமரமும் உரக்குழியும். பழத்தை முற்றும் முன் பறித்து, உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்க வேண்டும். உரக்குழியில் இறைச்சி, மீன், எண்ணெய், முலாம்பழத் தோல் போன்றவை கூடாது. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு மூன்று பங்கு காய்ந்த இலை போட்டுக் கிளறிவிட்டால் வாடை அடங்கும்.

5. கதவும் காரும். குமிழ்க் கைப்பிடியைவிடக் கீழே அழுத்தித் திறக்கும் நெம்புகோல் கைப்பிடி கரடிக்குச் சுலபம். கார்க் கைப்பிடியையும் இழுத்துத் திறந்துவிடும். ஏறிய பின் சரிவில் நிற்கும் காரின் கதவு தானே மூடிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்கத் தெரியாத கரடி இருக்கை, கூரை, ஸ்டியரிங் எல்லாவற்றையும் பிய்த்துப் போடும். காரில் சூயிங்கம் உறையைக்கூட விடாமல், எப்போதும் பூட்டி வையுங்கள். காருக்குள் கரடி சிக்கியிருந்தால் நீங்கள் திறக்கப் போகாமல் காவல்துறையை அழையுங்கள்.

6. கோழிக்கூடும் தேன்பெட்டியும். இவற்றுக்கு மின்வேலி ஒன்றே நம்பகமான காவல். குறைந்தது ஐந்து கம்பி. முதல் கம்பி தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில், மற்றவை 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளியில், மேல் கம்பி ஒரு மீட்டருக்குச் சற்று மேலே. கம்பியில் 6,000 வோல்ட்டுக்குக் குறையாத துடிப்பு வேண்டும். கரடியின் அடர்ந்த முடி மின்சாரத்தைத் தடுப்பதால் வலுக்குறைந்த வேலி உறைக்காது. வேலி தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மண்ணிணைப்பு (எர்த்) தான். காய்ந்த மண்ணில் சுற்று முழுமையாகாது. இரண்டு மீட்டர் நீளக் கம்பியைத் தரையில் இறக்குங்கள், மண் காய்ந்த பகுதிகளில் மின் கம்பியும் மண்ணிணைப்புக் கம்பியும் மாறி மாறி வரும்படி கட்டுங்கள். புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் வீணாகும்.

நியூஜெர்சியின் 21 கவுண்டிகளிலும் (மாவட்டங்களிலும்) கரடி தென்பட்டிருக்கிறது. அங்கே ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது காக்கைக்கு வைக்கும் சோறு. மகாளய அமாவாசை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. கரடியின் பெரும்பசிக் காலமும் அதேதான். நெய்யும் பருப்பும் சேர்த்துப் பிசைந்து கொல்லையில் வைத்த உருண்டையைக் காக்கை எடுக்காவிட்டால் இரவில் அது கரடிக்கு வைத்த தீனியாகிவிடும். வைத்து, காக்கை கொத்தும் வரை நின்று பார்த்து, மீதியை எடுத்து உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். கரடிக்குத் தீனி வைப்பது அந்த மாநிலத்தில் 1,000 டாலர் வரை அபராதத்துக்குரிய குற்றம். கராஜில் வைக்கும் அரிசி மூட்டை, இரண்டாவது ஃப்ரிட்ஜ், பலகாரம் பொரித்து ஆறவிட்ட எண்ணெய்ச் சட்டி ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கராஜ் கதவை அரை மணி நேரம்கூடத் திறந்து போடாதீர்கள்.

நேருக்கு நேர் வந்துவிட்டால்

கருங்கரடி மனிதரைக் கொல்வது மிக அரிது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹெரேரோவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1900 முதல் 2009 வரையிலான 110 ஆண்டுகளில் வட அமெரிக்கா முழுவதிலும் காட்டுக் கருங்கரடிகளால் உயிரிழந்தவர்கள் 63 பேர். அந்த ஆய்வு ஒரு பழைய நம்பிக்கையையும் உடைத்தது. குட்டிகளோடு இருக்கும் தாய்தான் மிக ஆபத்து என்பது கிரிஸ்லிக்குப் பொருந்தும். கருங்கரடியால் நேர்ந்த மரணங்களில் 88 சதவீதம் இரையாகக் கருதித் தாக்கியவை. அவற்றில் 92 சதவீதம் தனியே திரிந்த ஆண் கரடிகளின் வேலை. சத்தம் போட்டு மிரட்டும் தாயைவிட ஓசையின்றிப் பின்தொடரும் ஆண்தான் அஞ்ச வேண்டிய கரடி.

ஆகவே கரடியின் நடத்தையைப் படிக்கத் தெரிய வேண்டும். மூச்சைப் புஸ்ஸென்று விடுவது, தாடையைக் கடகடவென்று அடிப்பது, தரையில் ஓங்கி அறைவது, ஓடிவந்து பாதியில் நிற்பது எல்லாம் 'எனக்குப் பயமாக இருக்கிறது, விலகு' என்ற செய்தி. சத்தமே இல்லாமல், காது நிமிர்ந்து, கண் எடுக்காமல், நீங்கள் விலக விலகத் தொடர்ந்து வந்தால் அது வேறு.

1. ஓடாதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக நெருங்கி நில்லுங்கள். 2014 செப்டம்பரில் நியூஜெர்சியின் அப்ஷாவா காட்டில் ஐந்து நண்பர்களைக் கரடி பின்தொடர்ந்தபோது அவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினார்கள். ஒருவர் உயிரிழந்தார். அந்த மாநிலத்தின் பதிவுகளில் கருங்கரடியால் நேர்ந்த முதல் மரணம் அது.
2. அமைதியான, உறுதியான குரலில் பேசிக்கொண்டே, முதுகு காட்டாமல் பின்வாங்குங்கள். அது விலகிப்போக வழி விடுங்கள்.
3. பின்தொடர்ந்தால் நின்று, கைகளை உயர்த்திப் பெரிதாகத் தெரியும்படி கத்துங்கள், கல்லையும் கட்டையையும் எறியுங்கள். பையைக் கழற்றி வீசாதீர்கள். அதில் தீனி இருந்தால் ஆளை மிரட்டினால் சாப்பாடு கிடைக்கும் என்று அந்தக் கரடி கற்றுவிடும்.
4. தாக்கினால் எதிர்த்து அடியுங்கள், மூக்கையும் கண்ணையும் குறிவைத்து. செத்ததுபோல் படுப்பது கிரிஸ்லியின் தற்காப்புத் தாக்குதலுக்கு உரிய முறை. கருங்கரடியிடம் அது கூடாது.
5. நாய் இருந்தால் வாரில் பிடித்திருங்கள். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைச் சீண்டிவிட்டு, துரத்தும் கரடியோடு உங்களிடமே ஓடிவரும்.

வீட்டுக்குள் புகுந்துவிட்டால் கதவுகளைத் திறந்துவைத்து, அதன் வழியை மறிக்காமல் நீங்கள் வெளியேற வேண்டும். கொல்லையில் நின்றால் உள்ளிருந்தே பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போட்டு விரட்டலாம். போன பிறகு, அது எதற்காக வந்தது என்று தேடி எடுத்துவிடுவதுதான் முக்கிய வேலை. தீனி அங்கேயே இருந்தால் நாளையும் வரும்.

மிளகாய் ஸ்ப்ரே: என்ன செய்யும், எதைச் செய்யாது

அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை கரடி ஸ்ப்ரே பயன்படுத்திய நிகழ்வுகளைத் தொகுத்த ஆய்வில், கருங்கரடிகளின் அத்துமீறலை அது 90 சதவீத நிகழ்வுகளில் தடுத்தது. அதை வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியவை: காரப்பொருள் அளவு 1 முதல் 2 சதவீதம், எடை குறைந்தது 225 கிராம், வீச்சு ஏழரை மீட்டருக்குக் குறையாதது, தொடர்ந்து ஆறு விநாடியாவது பீய்ச்ச வேண்டும். ஆளுக்கு எதிரே பயன்படுத்தும் சிறு பெப்பர் ஸ்ப்ரே இதற்கு உதவாது.

முதுகுப் பைக்குள் கிடக்கும் ஸ்ப்ரே இல்லாததற்குச் சமம். இடுப்பிலோ மார்பிலோ மாட்டியிருக்க வேண்டும். கரடி ஏழெட்டு மீட்டருக்குள் நெருங்கும்போது, பாதுகாப்பு ஊசியைக் கழற்றி, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே மேகம்போல் பரவும்படி அடியுங்கள். கொசு மருந்துபோலக் கூடாரத்திலோ உடலிலோ முன்கூட்டியே பூசக் கூடாது. காய்ந்த மிளகாய் வாடை கரடியை விரட்டுவதற்குப் பதில் ஈர்க்கும். விமானத்தில் கொண்டுபோக முடியாது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இதற்குத் தடையே இருக்கிறது, போகும் இடத்தின் விதியை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே யோசெமிட்டியில் 1998இல் மட்டும் கரடிச் சம்பவங்கள் 1,500ஐத் தாண்டின, பெரும்பாலும் கார் உடைப்பு. பிறகு கூடாரத் தளங்களில் எஃகுப் பெட்டிகளை வைத்து, மலையேறுவோர் கரடி திறக்க முடியாத உணவு உருளையைத் தூக்கிச் செல்வதைக் கட்டாயமாக்கி, விதியைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்தினார்கள். இருபது ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கும் கீழே வந்துவிட்டது. பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன் எல்லாம் கரடிக்கு உணவின் வாடைதான், அவையும் உருளைக்குள் போக வேண்டும். உருளையைக் கூடாரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி, உருண்டு ஓடைக்குள் விழாத இடத்தில் வையுங்கள்.

நீலகிரிக்கு இதை அப்படியே எடுத்துப் போகக் கூடாது

கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் திரிவதும் நிறத்தால் கருங்கரடிதான், ஆனால் இனம் வேறு, அது தேன்கரடி. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வந்த இனம் என்பதால் திடுக்கிட்டால் ஓடுவதைவிடத் தாக்குவதையே தேர்ந்தெடுக்கும், முகத்தையும் தலையையும் குறிவைக்கும். கருங்கரடியிடம் சொன்ன கத்தி மிரட்டுவதும் எதிர்த்து அடிப்பதும் இங்கே நிலைமையை மோசமாக்கலாம். தேன்கரடி மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளால் கழுத்தையும் பின்னந்தலையையும் மூடி, அசையாமல் கிடப்பதே அறிவுறுத்தப்படும் முறை.

அதைத் திடுக்கிட வைக்காததுதான் முதல் பாதுகாப்பு. விடியும் முன்னும் அந்தி சாய்ந்தும் தோட்டப் பாதையில் தனியாக நடக்காமல், டார்ச் அடித்து, பேசிக்கொண்டே போக வேண்டும். தீனிக் கணக்கு மட்டும் இரண்டு கண்டத்துக்கும் பொது. மலைக் கோயில்களில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைக்கும் கரடியும், டாஹோவில் ஃப்ரிட்ஜைத் திறந்த கரடியும் தேடியது கொழுப்பைத்தான். இரவு நடை சாத்தும்போது விளக்கில் மிஞ்சிய எண்ணெயை வடித்து, மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, கதவுக்கு உறுதியான இரும்புத் தாழ் போட்டுவிட்டால் அது அங்கே வருவதற்கான காரணம் குறையும்.